பிரித்த பந்தலைத் திரும்பக் கட்டிய கதை

ஒரு காட்டில், குழந்தைகளே, நல்ல காரியம் எதுவானாலும் முதலில் பேனர் கட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார்கள். அங்கே பொதுக்காரியங்களுக்கெல்லாம் தலைவர் ஒரு நரி. பேனரில் தன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருக்குத் தெரிந்த பொதுக்காரியம்.

அந்தக் கோடையில் மூங்கில்மேடு தீப்பிடித்து எரிந்தது. அங்கே குடியிருந்தவர்கள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பாறைவெளியில் கிடந்தார்கள். இரண்டு நாளாக அவர்கள் வயிற்றில் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை.

நரி ஒரு சைக்கிள் பயணம் அறிவித்தார். ஆற்றங்கரையில் தொடங்கிப் பாறைவெளி வரை போக வேண்டும். வழியில் இருக்கும் வீட்டுக்காரர்கள் தானியம் போடுவார்கள். சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு போய் வாங்கிவர வேண்டும். அதைக் கொண்டு பாறைவெளியில் கஞ்சி காய்ச்சுவார்கள். "வேகம் வேண்டாம், மனசு போதும், எல்லோரும் வரலாம்" என்று பேனரில் எழுதி, பக்கத்தில் செவந்தியின் படத்தையும் போட்டிருந்தார்கள்.

செவந்தி ஒரு கீரி. போன வருஷம் வேடன் வைத்த கண்ணியில் அவளுடைய பின்னங்கால் ஒன்று போய்விட்டது. கண்ணியை அறுத்து அவளைத் தூக்கிப்போய், நாற்பது நாள் வீட்டில் வைத்துக் கஞ்சி ஊற்றியவர்கள் இதே மூங்கில்மேட்டுக்காரர்கள்தான். இன்று அவர்கள் பட்டினி கிடக்கும்போது தான் சும்மா இருப்பதா என்று அவளுக்கு மனம் ஆறவில்லை. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று அவளிடம் இருந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதற்கு எண்ணெய் போட்டாள், பெரிய பை இரண்டு தைத்தாள். பேனரில் எழுதியதை அப்படியே நம்பிவிட்டாள், பாவம்.

பயண நாள் காலையில் நரி அவளை நடுவில் நிறுத்தி, ஆள் வைத்துப் படம் பிடித்தார். பிடித்து முடிந்ததும் அவள் சைக்கிளை ஆற்றங்கரையில் போட்டிருந்த பந்தலுக்கு அடியில் ஓரங்கட்டி, அவள் கையில் ஒரு கொடியைத் திணித்தார். நான் ஓட்ட வேண்டாமா என்று செவந்தி கேட்டாள்.

"நீ வந்ததே பெரிசும்மா. உன்னப் பாத்தாலே நாலு பேருக்கு உற்சாகம் வரும். நீ எதுக்கு வெயில்ல கெடந்து கஷ்டப்படணும்?" என்றார் நரி.

அவளைக் கூட்டிக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துவிடும் என்று கலைமான் முணுமுணுத்தது. காட்டிலேயே வேகமாக ஓட்டுகிறவன் தான்தான் என்கிற கர்வம் அதற்கு.

செவந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. படத்துக்கு வேண்டும், பயணத்துக்கு வேண்டாமா? இது என்ன நியாயம், குழந்தைகளே?

"எல்லாரும் வரலாம்னு எழுதுனது நீங்கதான். நான் வந்திருக்கேன். வழிய விடுங்க" என்று கொடியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

நரிக்கு முகம் சுண்டிப்போனது. அதை மறைக்க விசிலை ஊதி, முதலில் போய்ச் சேருபவருக்குப் பட்டுச் சால்வை உண்டு என்று அறிவித்தார். வேகம் வேண்டாம் என்று எழுதச் சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. சால்வை என்றதும் கலைமான் பறந்தது. அதன் பின்னால் மற்ற சைக்கிள்களும் பறந்தன. செவந்திக்கு மிஞ்சியது புழுதி மட்டுமே.

அவள் இருமிக்கொண்டே ஓட்டினாள். முதல் வளைவில் ஆமையின் வீடு. இரண்டு முறம் நிறையக் கம்போடு ஆமை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முற்றத்தைத் தாண்டி வருவதற்குள் அத்தனை சைக்கிளும் போய்விட்டனவாம். கூப்பிட்டும் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

"குடுக்கறதுக்கு நான் நிக்கறேன். வாங்கறதுக்குக்கூடவா அவங்களுக்கு நேரமில்ல?" என்றாள் ஆமை.

செவந்தி பையை விரித்துப் பிடித்தாள். அடுத்த வீட்டில் முள்ளெலி சாமை வைத்துக்கொண்டு காத்திருந்தது. அதற்கடுத்த வீட்டில் அணில் தினை வைத்திருந்தது. எல்லா வாசலிலும் இதே கதைதான். ஒவ்வொரு வாசலிலும் நின்றாள், வாங்கினாள், ஓட்டினாள். பைகள் வழிந்தன. மேட்டில் சைக்கிள் ஏற மறுத்தபோது அணிலும் முள்ளெலியும் ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். மற்ற வீட்டுத் தானியத்துக்கும் பையில் இடம் வேண்டுமென்று நிறுத்திக்கொண்ட ஒரு முறம் கம்பை முதுகில் வைத்துக்கொண்டு ஆமை பின்னாலேயே நடந்து வந்தாள்.

பாறைவெளியில் கலைமானுக்குச் சால்வை போர்த்தி வெகுநேரம் ஆகியிருந்தது. நரி பேசி முடித்துவிட்டு, அங்கே போட்டிருந்த பந்தலையும் பிரிக்கச் சொல்லிவிட்டார். அண்டாவில் உலைத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. குட்டிகள் இலைத்தொன்னையை ஏந்திக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தன. தானியத்தைக் கொட்டுங்கள் என்று நரி சொன்ன பிறகுதான் பைகளைத் திறந்தார்கள். ஒரு பையிலும் ஒரு மணி கம்பு இல்லை. பின்னால் வருகிறவன் வாங்கிக்கொள்வான் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்களாம்.

ஒரு குட்டி தொன்னையைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கியது. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல நரி தொண்டையைக் கனைத்தார். வெட்கம் என்பது கொஞ்சமாவது இருக்க வேண்டாமா?

அப்போது மூன்று சக்கரங்கள் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. செவந்தி வந்தாள். அண்டாவுக்கு இருபதடி தூரத்தில் சைக்கிள் நின்றுவிட்டது. பிரித்த பந்தலின் மூங்கில்களை வழி நெடுகக் குறுக்கே போட்டிருந்தார்கள்.

வழிந்த பைகளைப் பார்த்ததும் நரிக்கு உயிர் வந்தது. கலைமானின் கழுத்திலிருந்து சால்வையை உருவிக்கொண்டு, படம் பிடிப்பவரையும் கூப்பிட்டுக்கொண்டு, பல்லை இளித்தபடி ஓடிவந்தார்.

செவந்தி அவர் கையைத் தடுத்தாள்.

"சால்வைய அப்புறம் பாப்போம். மூங்கிலத் தூக்குங்க. நான் இன்னும் வந்து சேரல."

நரி குனிந்து ஒரு மூங்கிலைத் தூக்கினார். கலைமான் அடுத்ததைத் தூக்கியது. வழி பிறந்ததும் செவந்தி அண்டாவரை தானே ஓட்டிப்போய், பைகளை இறக்கினாள். அழுத குட்டி தொன்னையை மறுபடி கையில் எடுத்தது.

மூங்கில்களை எங்கே அடுக்குவது என்று நரி மெதுவாகக் கேட்டார்.

"அடுக்க வேண்டாம், நட்டுப் பந்தலக் கட்டுங்க. பின்னால ஆமையக்கா வர்றாங்க" என்றாள் செவந்தி.

வேர்க்க விறுவிறுக்க அவர்கள் பந்தலைத் திரும்பக் கட்டினார்கள். கஞ்சி வெந்து, குட்டிகள் எல்லாம் குடித்து முடித்த பிறகு, முறத்தோடு ஆமை வந்து சேர்ந்தாள். அதுவரை பந்தல் நின்றது.

நீதி: எல்லோரும் வாருங்கள் என்று அழைத்தவர், கடைசி ஆள் வந்து சேரும்வரை பந்தலைப் பிரிக்கக் கூடாது.