நாகவேணியின் இரண்டு தட்டு

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தாளாம். பேரு நாகவேணி. மலையடிவாரத்து ஊரு, வீட்டுக்கு வீடு பட்டுப்புழு வளர்ப்பாங்க. கேக்கறியா குட்டி? ம் சொல்லு.

அவ வாக்கப்பட்டு வந்த மாசமே அந்த வீட்டுப் புழுவெல்லாம் செத்துச்சு. தட்டு தட்டா செத்துச்சு. தொட்டா சாக்பீஸ் மாதிரி விறைப்பு, மேலெல்லாம் வெள்ளையா மாவு பூசினாப்பல. அப்புறம் பக்கத்து வீட்லயும் செத்துச்சு.

'புதுசா வந்தவ கண்ணு'ன்னு ஊரே குசுகுசுகுசுன்னு பேசிச்சு. மாமியார் பாப்பம்மாவும் நம்பிட்டா. "ஆடிக்கு உங்கம்மா வீட்டுக்குப் போறியே, அப்படியே அங்கேயே இருந்துடு"ன்னுட்டா. புருஷன் மாதேஷ் தலையைத் தொங்கப்போட்டு நின்னான்.

நாகவேணி அழுதா. ஆனா அவ காலேஜ்ல கிருமியைப் பத்திப் படிச்சவ. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அத்தே, போறேன். ஆடி வர்ற வரைக்கும் நான் செய்யறதைக் கூட இருந்து பாருங்க, அது போதும்"னா.

முதல்ல ரெண்டு பேரும் வீடு வீடாப் போனாங்க. செத்த புழு ஒவ்வொண்ணுலயும் அந்த வெள்ளைத் தூள் இருந்துச்சு. நல்லா இருக்கற புழு ஒண்ணுலகூட இல்ல.

"சரி, செத்தப்புறம் தூள் வந்திருக்கும்"னா பாப்பம்மா.

"இருக்கலாம் அத்தே. அதனால அந்தத் தூளை மட்டும் தனியா வளர்க்கணும்."

அப்புறம் கண்ணாடி பாட்டில்ல சாதத்தைப் போட்டு, பஞ்சால அடைச்சு, உள்ள இருக்கற வேற கிருமியெல்லாம் சாகட்டும்னு இட்லிப் பானையில வெச்சா. புஸ்ஸு... புஸ்ஸுன்னு ஆவி. ஆறினதும் சுட்ட ஊசியால துளித் தூளை உள்ள வெச்சா. முதல் பாட்டில்ல பச்சையாப் பூத்துச்சு, அது வேற பூஞ்சை. கொட்டிட்டா. ரெண்டாவது கறுப்பாப் போச்சு. அதையும் கொட்டிட்டா. மூணாவதுல... வெள்ளையா, மேகம் இறங்கின மாதிரி மெதுமெதுவாப் பரவிச்சு. தூள் எதுவும் வைக்காம ஆவியில மட்டும் வெச்ச இன்னொரு பாட்டில் சாதம் அப்படியே இருந்துச்சு.

ம்... முழிச்சுதான் இருக்கியா?

அப்போ மாதேஷ் நாகவேணியோட அம்மா ஊருக்குப் போய் நோயில்லாத புழு கொண்டு வந்தான். ரெண்டு தட்டு, ரெண்டு அறை. ரெண்டுக்கும் ஒரே செடி இலை. பாப்பம்மாவே ஒரு தட்டுல, பாட்டில்ல வளர்ந்த வெள்ளைத் தூளைத் தூவினா. மத்ததுல சுத்தமான பாட்டில் சாதத்தைக் காய வெச்ச பொடி. சுத்தத் தட்டு பக்கத்துல நாகவேணி நாள் முழுக்க உக்காந்து, கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டே இருந்தா.

"ஏண்டி இப்படிப் பாக்கற?"

"கண்ணு வெக்கறேன் அத்தே."

ஆறாம் நாள், தூள் தூவின தட்டுல புழு ஒவ்வொண்ணா விறைச்சு வெளுத்துச்சு. அவ பாத்துக்கிட்டே இருந்த தட்டுல சளசள சளசளன்னு இலை தின்னுச்சு, தூரத்து மழை மாதிரி.

பாப்பம்மா ரெண்டு அறைக்கும் மாத்தி மாத்திப் போய்ப் பாத்தா.

"இன்னும் ஒண்ணு பாக்கி அத்தே." செத்த புழுவுலேருந்து தூளெடுத்துப் புதுப் பாட்டில்ல வெச்சா. அதே வெள்ளை பூத்துச்சு. "போனவனே திரும்பி வந்துட்டான் பாருங்க. இவன்தான்."

பாப்பம்மா செத்த புழுவைக் கையில எடுத்தா. "இதுங்க பாவமில்லையாடி?"

"பாவம்தான் அத்தே. நான்தான் கொன்னேன்."

அப்போ பாப்பம்மா மருமகளை இழுத்து மடியில சாய்ச்சுக்கிட்டா. "நான் உன்னையே கொல்லப் பாத்தேனேடி"ன்னு தேம்பினா.

அப்புறம் ஊரே தட்டைக் கழுவி, சுண்ணாம்பு தெளிச்சு, செத்த புழுவையெல்லாம் எரிச்சுது. அடுத்த தடவை புழு கூடு கட்டிச்சு பாரு, மஞ்சள் மஞ்சளா, வீடெல்லாம் மெத்துமெத்துன்னு.

ஒரு நாள் ஒரு சேதி வந்துச்சு. மலைக்கு அந்தாண்ட ஊர்ல புழு சாகுதாம், புருஷன் செத்த ஒருத்தியைத் துரத்தப் போறாங்களாம். நாகவேணி எந்திரிக்கறதுக்குள்ள பாப்பம்மா செருப்பை மாட்டிட்டா.

"பாட்டிலை எடுடி. அந்தப் பொண்ணு தனியா நிக்கறா."

ரெண்டு பேரும் மலையேறிப் போயிட்டாங்க. நம்ம கதையும் கூடவே போயிடுச்சு. நீ கண்ணை மூடு.