வான்கோழித் திருநாளும் ஒரு விதைக்கோட்டையும்

பெரியவர்களே, பிள்ளைகளே, கேளுங்கள். எந்த ஏட்டிலும் ஆண்டு குறிக்கப்படாத ஒரு காலத்தில், மருதங்காடு என்றொரு சிறு நாட்டை ஓர் அரசன் ஆண்டான்.

விதைப்புக்கு முந்தைய வாரம் அங்கே முன்னோர் திருநாள். அன்று வீட்டுக்கு வீடு வான்கோழி வேக வேண்டும். வாசலில் அதன் இறகு தொங்க வேண்டும். பறவையோ அரண்மனைப் பட்டியில் மட்டுமே கிடைக்கும். பணக்காரன் பசுவைக் கொடுத்து வாங்கினான். ஏழை, விதைநெல்லை வைக்கோலில் இறுகப் பொதிந்து கட்டிய தன் ஒரே கோட்டையைக் கொடுத்து வாங்கினான். பிறகு விதைக்க நெல்லின்றிப் பிறர் வயலில் கூலிக்குக் குனிந்தான்.

மாரக்காள் என்ற ஏழைப் பெண்ணிடம் ஒரு வயல் இருந்தது, ஒரு கோட்டை இருந்தது. அவள் அதைக் கொடுக்கவில்லை.

அரண்மனைக்கு நெல் வசூலிக்கும் மணியக்காரர் முதல்முறை வந்தார். "ஏ மாரக்கா, வாசல்ல இறகு எங்கே?"

"பறவை மேலேயே இருக்குதுங்க."

இரண்டாம் முறை வந்தார். "ராசா வீட்டுக் கறி உனக்குக் கசக்குதோ?"

"கசக்கலைங்க. தின்னுட்டு அடுத்த வாரம் எதை விதைக்க? எலும்பையா?"

மூன்றாம் முறை வந்தவர் கோட்டையிலேயே கை வைத்தார். மாரக்காளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோட்டையைப் பிடுங்கித் தலையில் ஏற்றினாள். நேரே அரண்மனைப் பந்திக்குள் நுழைந்தாள்.

"சாமி, இந்தப் பறவையை நாங்க எதுக்குத் தின்னணும்? சொல்லுங்க, கொடுத்துடறேன்."

"முன்னோர் தின்றார்கள்" என்றார் அமைச்சர். "நாட்டுக்கு மங்கலம்" என்றார் புலவர். "ருசி, அம்மா, ருசி!" என்றார் சமையற்காரர்.

அரசனுக்குக் கோபம் வந்தது. "முதல் அரசர் எழுதிய செப்பேட்டைக் கொண்டு வாருங்கள். இவள் காதில் விழும்படி படியுங்கள்!"

நூறாண்டுத் தூசியைத் துடைத்துவிட்டு எழுத்தர் உரக்கப் படித்தார்: "மழை பொய்த்த ஆண்டு. பசி தாளாமல் என் குடிகள் விதைநெல்லையே குத்தித் தின்னப் போனார்கள். நான் என் தோட்டத்தில் அழகுக்கு வளர்த்த வான்கோழிகளை அறுத்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். என் குடிகளின் விதைநெல்லை எவரும் தொட வேண்டாம்."

அரசன் மணியக்காரர் பக்கம் திரும்பினான்.

"வாங்கிய விதைநெல் எல்லாம் எங்கே?" என்று கேட்டான் அரசன்.

மாரக்காளின் பின்னாலேயே ஓடிவந்திருந்த மணியக்காரர் தலையைச் சொறிந்தார். "வான்கோழிகளுக்குத்தான் தீனி போட்டோம், அரசே."

"கேட்டீங்களா சாமி!" என்றாள் மாரக்காள். "எங்க வயல்ல முளைக்க வேண்டியதை உங்க பறவைக்குப் போட்டு, அந்தப் பறவையை எங்க தலையிலயே கட்டியிருக்கீங்க. அதுக்குப் பேரு திருநாளா?"

அரசன் இலையை மூடினான். அரண்மனை வயல்களுக்கென்று வைத்திருந்த விதைநெல்லை அன்றே ஏழை வீடுகளுக்கு அளந்து அனுப்பினான். அந்த ஆண்டு அரண்மனை வயல்கள் தரிசாகக் கிடந்தன. பட்டியின் கதவு திறந்துவிடப்பட்டது.

மாரக்காள் இதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை, வணங்கவும் இல்லை. வயலில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. கோட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஏழையின் விதையைக் காக்கப் பிறந்த வழக்கம் அந்த விதையையே பறிக்குமானால், அது வழக்கமல்ல, கொள்ளை.