விழுந்ததும் கண்ணைக் கட்டணும்

மொட்டைப்பனையூரில் மூளை இல்லாதவர் என்று ஒருத்தர் கிடையாது. எல்லாருக்கும் இருக்கிறது, எடுத்துப் புழங்காததால் இன்றைக்கும் புத்தம்புதுசாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஊர்க் கொம்பையாவின் பாசிப்பயறு வயலில் தினமும் ஒரு வெளிமான் மேயும். நல்ல முறுக்குக் கொம்புக்காரன். கொம்பையாவும் தினமும் வாய் ஓயாமல் திட்டி விரட்டுவார். திடீரென்று ஒருநாள் மேய்ச்சல் நின்றுபோனது. போய்ப் பார்த்தால், குளத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன மீன்வலைத் துண்டு அதன் வாயைச் சுற்றி இறுகிக் கிடக்கிறது. தின்ன வழியில்லாமல் விலா எலும்பு தெரிகிறது. கொம்பையாவுக்கு மனசு கேட்கவில்லை. திட்டினதுக்காக இப்படியா கோவிச்சுக்கிடுவாவ என்று வரப்பில் உட்கார்ந்து அழுதே விட்டார்.

சேதி போய், காட்டு விலங்கு டாக்டர் தேவநேசன் வந்தார். தங்கமான மனுஷர். வேளாங்கண்ணிக்கு நேர்ந்து வளர்த்த தாடி நெஞ்சுவரை தொங்கும். கூட வர வேண்டிய வனக்காவலர் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்விட்டதால், கொம்பையா, அவர் கூட்டாளிகள் மந்திரம், நயினார் மூவரையும் உட்காரவைத்து வேலையை விளக்கினார். விதி யாரை விட்டது?

மயக்க ஊசியை அவரே துப்பாக்கியில் வைத்துத் தூரத்திலிருந்து போடுவாராம். அப்புறம்தான் இவர்கள் வேலை.

"விழுந்ததும் ஓடிவந்து கண்ணைக் கட்டணும். நாலு காலையும் கட்டணும். தலையைத் தூக்கியே பிடிக்கணும், தொங்கவிட்டா மூச்சு முட்டிச் செத்துரும். வாயைச் சுத்தி இருக்கதை எல்லாம் கத்தரியால வெட்டி எடுக்கணும். பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை பேசக் கூடாது. கத்தும், உதைக்கும். விட்டுராதீங்க."

கடைசியில் மாற்று ஊசி போட்டு அவரே எழுப்பிவிடுவாராம். மறுநாள் இவர்கள் மறைவாக நின்று, மேய்கிறதா என்று பார்த்துப் போனில் சொன்னால் போதுமாம். மூவரும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார்கள். டாக்டருக்கே பெருமையாக இருந்தது.

ஊசி மானின் தொடையில் சரியாகப் பாய்ந்தது. மான் தள்ளாடிக்கொண்டே வயலைப் பார்த்து ஓடியது. பின்னால் ஓடிய டாக்டர், பனங்கிழங்கு தோண்டிய குழியில் கால் இடறி, மானுக்கு முந்தியே விழுந்தார்.

விழுந்தாயிற்றே! மூவரும் பாய்ந்து துண்டால் கண்ணைக் கட்டினார்கள். கயிற்றோடு குனிந்த மந்திரம் மட்டும் காலை எண்ணிப் பார்த்துவிட்டுத் திகைத்தார். பக்கத்தில் பேசக் கூடாது. ஆகவே, ஆள் பெருத்த நயினாரை டாக்டரின் மேலே உட்காரவைத்துத் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, மற்ற இருவரும் உடைமரத்தடிக்குப் போய்க் கூட்டம் போட்டார்கள்.

"நாலு கால்னாவ. ரெண்டுதான்வே இருக்கு."

"கை இருக்குல்லா? அதுதான் முன்னங்கால்."

"சரி. 'உதைக்கும்'னுதான சொன்னாவ? 'உதைப்பேன்'னு சொல்லலையே?"

"பெரிய மனுசன்வே. தன்னைப் பத்தி அடக்கமாத்தான் பேசுவாவ."

தீர்மானம் நிறைவேறியது. முன்னங்கால், பின்னங்கால் எல்லாம் கட்டினார்கள். டாக்டர் கத்தினார், உதைத்தார். சொன்னபடியே நடந்துகொள்கிறாரே என்று மூவருக்கும் அவர்மேல் மதிப்பு கூடிவிட்டது. பிறகு மந்திரம் கத்தரியை எடுத்தார். வேளாங்கண்ணியில் இறக்க வேண்டிய தாடி பனங்கிழங்குக் குழியிலேயே இறங்கியது.

இதற்குள் மான் வயலில் விழுந்துவிட்டது. வரப்புக்கு இந்தப் பக்கம் உடம்பு, அந்தப் பக்கம் தலை தொங்குகிறது.

"ஏல, மான் விழுந்திருக்கும்ல! தலை தொங்கினா செத்துரும்ல!" என்று கதறினார் டாக்டர்.

செத்துரும் என்றதும் கொம்பையா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் என்ன செய்வது? டாக்டர் யோசனை சொன்னது ஒருவர் விழுவதற்குத்தான், அது செலவாகிவிட்டது. மறுபடி உடைமரத்தடிக்குப் போய், இரண்டாவதாக விழுந்ததற்கு ஒன்றும் சொல்லலையே என்று கொம்பையா விம்மினார். அது டாக்டர் காதில் விழுந்தது. அவருக்கும் அழுகை வந்துவிட்டது.

"எனக்குச் செஞ்சதை எல்லாம் ஒண்ணு விடாம அதுக்கும் செய்ங்கல. புண்ணியமாப் போகும்."

செய்தார்கள். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. கண்ணைக் கட்டி, காலைக் கட்டி, கொம்பையா மடியில் தலையைத் தூக்கி வைத்துக்கொள்ள, மந்திரம் வலையை நறுக்கி எடுத்தார். அப்புறம் டாக்டரை நெல்மூட்டை மாதிரி தூக்கிவந்து, கண்ணையும் முன்னங்காலையும் மட்டும் அவிழ்த்து, மாற்று ஊசியைக் கையில் கொடுத்தார்கள். அவர் ஊசி போட்டு மானின் கட்டுகளை அவிழ்க்க, கொஞ்ச நேரத்தில் அது எழுந்து ஓடியது. டாக்டர் தன் பின்னங்காலையும் அவிழ்த்துக்கொண்டு எழுந்து தாடையைத் தடவிப் பார்த்தார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மான் வயலுக்கு வந்தது. ஒரு பாத்திப் பயறு காலி. கொம்பையா பனைமறைவில் நின்று, தின்னு ராசா, தின்னு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே போன் பண்ணியிருக்கலாம். ஆனால் வேலை பாதிதானே முடிந்திருக்கிறது? மூவரும் பஸ் பிடித்து டவுனுக்குப் போய், டாக்டர் வீட்டுக் கொல்லையில் முருங்கைமரத்துக்குப் பின்னால் ஒளிந்து, ஜன்னல் வழியாக வெகுநேரம் உற்றுப் பார்த்தார்கள்.

உள்ளே போன் அடித்தது. மழமழவென்ற முகத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டர் இடது கையால் எடுத்தார்.

கொம்பையா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அய்யா, கவலைப்படாதிய. ரெண்டும் நல்லா மேயுது. ஒண்ணு மட்டும் சட்னியைத் தொட மாட்டேங்கு."