மூன்றாம் அடியில் ஒரு மூச்சு

முன்னொரு காலத்தில், கல்லில் வெட்டிவிட்டால் எதுவும் உண்மையாகிவிடும் என்று நம்பிய அரசன் ஒருவன் இருந்தான். தமிழாசிரியர் திருமேனியார் இறந்ததும், அவருடைய வரலாற்றைக் கல்லில் பொறிக்க ஆணையிட்டான்.

ஆஸ்தானப் புலவர் அபிராமப் பண்டிதர் உடனே எழுந்தார். "திருமேனி என்னிடம் பாடம் கேட்டவன், அரசே. அதையும் பொறிப்பதே முறை."

இறந்தவரின் மகள் நப்பின்னை பதறிப்போனாள். "இவருக்குப் பாடம் சொன்னவரே என் தந்தைதான். நல்லாசிரியர் என்ற பெயரைத் தவிர அவர் எதையும் சேர்க்கவில்லை, அரசே. அதையும் பறித்துவிடாதீர்கள்."

அரசன் விகடகவி ஆவுடையானைப் பார்த்தான். "அந்தப் பாடத்தைக் காதால் கேட்ட சாட்சியை இப்போதே நிறுத்து. இல்லையேல் பண்டிதர் சொன்னதே கல்லில் ஏறும்."

பண்டிதர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். உடன் படித்தவர்கள் ஒருவர்கூட உயிரோடு இல்லை என்பது அவருக்குத் தெரியும். மற்ற நாளென்றால் ஆவுடையான் ஏதாவது கோணங்கித்தனம் செய்து தப்பியிருப்பான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு அதற்கு மனம் வரவில்லை. சற்று யோசித்துவிட்டு, "சாட்சி வந்தாயிற்று, அரசே. முதலில் பண்டிதர் நிகண்டின் முதற்பாட்டை ஓதட்டும்" என்றான்.

பண்டிதர் கணீரென்று ஓதினார். மூன்றாம் அடியின் நடுவே நின்று, மூச்சு வாங்கி, மேலே தொடர்ந்தார். நப்பின்னை விம்மினாள்.

"ஓர் அடியை ஒரே மூச்சில் ஓதுவதல்லவா மரபு? ஏன் நின்றீர், பண்டிதரே?" என்றான் ஆவுடையான்.

"அங்கே நிற்கவேண்டும். எனக்கு அப்படித்தான் பாடம்."

"யார் சொன்ன பாடம்?"

ஆவுடையான் அரசனிடம் திரும்பினான்.

"திருமேனியாருக்கு இளைப்பு நோய், அரசே. அந்த இடத்தில் மூச்சு முட்டும், நிறுத்தி வாங்குவார். பிள்ளைகள் அதையும் பாடமென்றே படித்துக்கொண்டார்கள். அவரிடம் படித்த பலர் ஓத நான் கேட்டிருக்கிறேன், எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். நம் பண்டிதருக்கோ யானை பலம். அவருக்கு ஏது இளைப்பு? காதால் கேட்ட சாட்சியைத்தானே கேட்டீர்கள்? இதோ நிற்கிறார்."

அரசன் உரக்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையான் கழுத்தில் போட்டான்.

பண்டிதர் நப்பின்னையிடம் வந்தார். "அவர்தான் அம்மா என் ஆசிரியர். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பாவம் செய்துவிட்டேன். கல்லில் மாணாக்கர் பெயர்களில் என்னைச் சேர்க்கவேண்டாம்."

"முதல் பெயராகவே போடச் சொல்கிறேன்" என்றாள் நப்பின்னை. "படுக்கையில் கிடந்தபோதும் அப்பா உங்களைத்தான் விசாரித்தார். 'அபிராமன் வந்தானா' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்."

அரசனின் சிரிப்பு நின்றது. அவை முழுதும் பார்க்க, பண்டிதர் தரையில் உட்கார்ந்து அழுதார்.