கொட்டாத ஆரத்தி

அந்தக் காலத்தில், பாசிக்கும் இறாலுக்கும்கூட வாய்ப்பேச்சு இருந்த நாளில், உப்பேரித் தண்ணீருக்கு நிறமே கிடையாது. ஓடைகள் ஏரிக்குள் வந்தன. வெளியே போக ஒரு வாய்க்கால்கூட இல்லை. வந்த தண்ணீரெல்லாம் வெயிலில் வற்றி, உப்பு மட்டும் தங்கியது. உப்பு ஏற ஏற மீன்கள் மூட்டை கட்டின. தவளைகள் சொல்லிக்கொள்ளாமல் போயின. கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர். ஒருத்தி பொடிச்சி, கண்ணுக்கே தெரியாத பச்சைப் பாசி. இன்னொருத்தி துள்ளியக்கா, அரிசி நீள இறால். வாய் மட்டும் திமிங்கிலத்தினுடையது.

ஒரு கோடையில் பொடிச்சிக்கு உடம்பெல்லாம் காந்தியது. ஒதுங்க நிழல் இல்லை. இன்னும் நாலு நாள் இப்படி அடித்தால் கருகிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மேலே நின்னு காயுற அந்தச் சூரியனையே கேளேன்," என்றாள் துள்ளியக்கா. "எனக்கென்ன, அடித்தண்ணிக்கு நீந்திப் போயிடுவேன். நீ மிதக்கிறவ, வெந்துதான் சாவே."

பொடிச்சி கூச்சக்காரி. யாரிடமும் முகம் பார்த்துப் பேசியதில்லை. ஆனால் பேசாதவளுக்குப் பார்க்க நிறைய நேரம் இருந்தது. சூரியனை நிமிர்ந்து பார்க்கிற எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர்கூடச் சிரித்த முகமாகப் பார்த்ததில்லை. அதை அவள் கவனித்து வைத்திருந்தாள்.

"மாமா," என்றாள் மெதுவாக. "உங்களுக்கு உடம்பு இப்படிக் கொதிக்குதே, எத்தனை நாளா?"

சூரியனை யாரும் உடம்பு விசாரித்ததே இல்லை. அவர் ஏரிப்பக்கம் திரும்பினார். "பிறந்ததிலிருந்தே அம்மா."

"இது கண்ணேறு, மாமா. ஊரே உங்களைப் பார்த்து முகம் சுளிக்குது. ஒருநாளாவது உங்களுக்கு ஆரத்தி சுத்தியிருக்காங்களா?"

"யார் சுத்துவா? காலையில கிளம்பினா சாயங்காலம்தான் இறங்குறேன். வாசல்ல நிக்க ஆளில்லை."

"நான் சுத்துறேன்."

துள்ளியக்கா சிரித்த சிரிப்பில் மூன்று குட்டிக்கரணம் போட்டாள். "கையே இல்லாதவ தட்டு சுத்தப் போறாளாம்!"

"தட்டு சுத்த வேண்டாம்க்கா. ஏரிதான் தட்டு. அவர்தான் தினமும் சுத்தி வராரே."

சூரியன் தன் வெயிலிலிருந்தே ஒரு சிட்டிகை மஞ்சள் கிள்ளிப் போட்டார். கரையோரக் கிளிஞ்சல்கள் அவருடைய சூட்டில் வெந்து சுண்ணாம்பாகவே கிடந்தன; துள்ளியக்கா வாலால் தட்டித் தண்ணீருக்குள் தள்ளினாள். இரண்டும் கலந்ததும் ஏரி முழுக்க ரோஜாப்பூ நிறத்தில் சிவந்தது.

சூரியன் மூன்று நாள் வந்து மூன்று சுற்றை முடித்தார். அதற்குள் பொடிச்சியின் பச்சை உடம்புக்குள் சிவப்பு ஊறிவிட்டது. பந்தலுக்கு அடியில் உட்கார்ந்ததுபோல இருந்தது; காந்தல் போன இடம் தெரியவில்லை.

நான்காம் நாள் சூரியன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு இன்னும் கொதிக்குதே?"

"ஆரத்தியை முச்சந்தியில கொட்டினாத்தானே கண்ணேறு போகும்," என்றாள் துள்ளியக்கா.

"அப்போ கொட்டு."

பொடிச்சி நாலு பக்கமும் பார்த்தாள். மடை இல்லை, மதகு இல்லை. இந்தத் தட்டைச் சாய்க்க வழியே இல்லை. இவ்வளவு யோசித்தவள் அதை மட்டும் யோசிக்கவில்லை.

"கொட்ட முடியாதா? என் மஞ்சளைக் கொடு!" சூரியன் குனிந்து ஏரியை உறிஞ்சத் தொடங்கினார். சிவப்பு போனால் பொடிச்சியும் போனாள்.

ஆனால் மேலே போனது வெறும் தண்ணீர். மிச்சத் தண்ணீர் முன்னைவிடச் சிவந்தது. மறுபடி உறிஞ்சினார், இன்னும் சிவந்தது.

"வேணும்னு செய்யலை, மாமா," என்றாள் பொடிச்சி.

"பாதி வேணும்னுதான் செஞ்சா," என்றாள் துள்ளியக்கா. அவளும் அதற்குள் சிவந்திருந்தாள்.

சூரியன் நிமிர்ந்தார். கோபப்படலாம்தான். ஆனால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்ட ஒரே ஆளைக் கோபித்துக்கொண்டு எங்கே போவது? "சரி, கொட்டுறபோது கொட்டு. தினமும் வந்து பார்க்கிறேன்."

அன்று முதல்தான் வெயில் ஏற ஏற உப்பேரிகள் சிவக்கின்றன. கொட்டாத ஆரத்தியைத் தினமும் எட்டிப் பார்க்கிற சூரியனுக்கும் காய்ச்சல் இறங்கியபாடில்லை.