வலப்பக்கம் திரும்பினால் நிற்கும் வண்டி

சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் பழைய பொக்லைன் வாங்கி விற்கும் பட்டறை ஒன்று. அங்கே எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர் ரோஸ்லின். வயது முப்பத்திநாலு. அவரிடம் தொழில் கற்க வந்த அர்த்தனாரிக்கு ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆயில் பம்பும் சிலிண்டரும் பிரித்துப் பூட்டியே காய்த்துப்போன கை அர்த்தனாரியுடையது. கம்ப்யூட்டர் மாதிரி கன்ட்ரோலர் வைத்த வண்டிகள் வந்த பிறகு அவரைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஒருநாள் நேராக ரோஸ்லின் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்."

ரோஸ்லின் மறுக்கவில்லை. அவரை அண்ணா என்றே கூப்பிட்டார்.

அந்த வாரம் பட்டறையில் ஒரு செயின் வண்டி, டயருக்குப் பதில் செயினில் ஓடும் பொக்லைன், நின்றது. ஏலத்தில் எடுத்து, புதுசாக மஞ்சள் பெயின்ட் அடித்து, ஒரு கல்குவாரிக்காரருக்குப் பேசி முடித்த வண்டி. இடப்பக்கம் எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. பக்கெட்டில் கல்லை அள்ளி வேகமாக வலப்பக்கம் திருப்பினால் பாதியிலேயே உறைந்துவிடும். இன்ஜின் ஓடும். கை மட்டும் கல்லோடு அந்தரத்தில் நிற்கும்.

அர்த்தனாரி கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகினார். லாக் லீவர் என்று காட்டியது. டிரைவர் இறங்குவதற்கு முன் தூக்கிவிடும் லீவர் அது. தூக்கிவிட்டால், ஜாய்ஸ்டிக்கில் யார் கை பட்டாலும் வண்டி அசையாது. லீவர் கீழேதான் இருந்தது. வண்டியோ, தூக்கியிருக்கிறது என்றது.

லீவருக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சை மாற்றினார். வண்டி மறுபடியும் நின்றது. வேறொரு வண்டியின் கன்ட்ரோலரைக் கழற்றி மாட்டினார். அப்போதும் நின்றது.

ரோஸ்லின் ஓசூருக்குப் போயிருந்தார். அர்த்தனாரி போனில் எல்லாவற்றையும் சொன்னார்.

"வலப்பக்கம் திரும்பறப்ப வண்டியில வேற என்னங்கண்ணா ஆகுது?"

"வேற ஒண்ணும் ஆகலைங்க டீச்சர்."

"நாளைக்கு வந்து பாக்கறேன். அதுவரைக்கும் சும்மா விட்டிருங்க."

அர்த்தனாரியால் சும்மா விட முடியவில்லை. குவாரிக்காரர் தன் டிரைவரையே அனுப்பிவிட்டார். முனிராஜ் என்று பெயர், தர்மபுரிப் பக்கத்து ஆள். காலையிலிருந்து டீயைக் குடித்துக்கொண்டு வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தார்.

அர்த்தனாரி கேபினுக்குள் ஏறினார். லீவரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் இரண்டு ஒயரை உரித்து, ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றினார். இனி லீவர் எப்படி இருந்தாலும் கீழே இருப்பதாகவே கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும்.

வண்டி நிற்கவில்லை. வலது, இடது, மறுபடி வலது. முனிராஜ் ஒரு டிப்பர் லோடு கல்லை அள்ளிக் கொட்டிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"கைராசிங்க உங்களுக்கு. சீட்டுதான் ஊஞ்சலாட்டம் ஆடுது."

"சீட்டு போல்ட்டு லூசா இருக்கும். போறப்ப முறுக்கித் தர்றேன். நீங்க தைரியமா ஓட்டுங்க. இனி நிக்காது."

ரோஸ்லின் வந்து இறங்கியபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அர்த்தனாரி முகமெல்லாம் சிரிப்பாக எதிரே போனார்.

"சரி பண்ணிட்டேனுங்க டீச்சர்."

"எப்படிங்கண்ணா?"

சொன்னார். ரோஸ்லின் திட்டவில்லை. வண்டிக்குச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். பக்கெட் வலப்பக்கம் வேகமாகத் திரும்பி வந்து டக்கென்று நின்றது. எல்லோரும் பக்கெட்டைப் பார்த்தார்கள். ரோஸ்லின் கேபினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி நின்ற பிறகுதான் கேபின் நின்றது.

கையை உயர்த்தினார். "பக்கெட்டைத் தரையில வைங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு மெதுவா இறங்கி வாங்க" என்றார் முனிராஜிடம். பிறகு அர்த்தனாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு கடப்பாரை எடுத்துட்டு வாங்கண்ணா."

எதற்கென்று கேட்காமல் அவர் கொண்டுவந்தார். கேபினும் வண்டி உடலும் சேரும் இடத்தில், மஞ்சள் பெயின்டில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. ரோஸ்லின் அதைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க விட்டு லேசா நெம்புங்க."

அர்த்தனாரி நெம்பினார். பலமே கொடுக்கவில்லை.

கேபின் தூக்கிக்கொண்டது. சோற்றுப் பானையின் மூடி போல, ஒரு பக்கம் முழுசாக எழும்பியது. உள்ளே வெயில் விழுந்தது. மூன்று மூலைகளில் போல்ட் அறுந்து, அறுந்த முகம் துருப்பிடித்திருந்தது. நாலாவது மூலையில் நட்டு பாதி கழன்று தொங்கியது. கேபினுக்குள்ளிருந்து கீழே போகும் ஒயர்க் கட்டு வீணைத் தந்தி போல விறைத்து நின்றது.

அர்த்தனாரிக்குக் கடப்பாரையை இறக்கி வைக்கத் தோன்றவில்லை. அதைப் பிடித்தபடியே நின்றார்.

முனிராஜ் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். டிப்பரின் டயரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குக் குவாரி விளிம்புல நிக்க வேண்டிய வண்டிங்க இது" என்றார். "கீழ பாத்தா லாரியெல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரியும்."

யாரோ அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

ரோஸ்லின் கடப்பாரையை அர்த்தனாரியின் கையிலிருந்து மெல்ல வாங்கினார். கேபின் முனகிக்கொண்டே கீழே உட்கார்ந்தது. ஒயர்க் கட்டு தளர்ந்தது.

"வேகமா வலது பக்கம் திரும்பறப்ப கேபின் வழுக்குதுங்கண்ணா. அந்தப் பக்கம் வழுக்கினாத்தான் ஒயர் இழுபடும். இழுபட்டா லீவர் கனெக்‌ஷன் விட்டுப்போகும். லீவரைத் தூக்கிட்டாங்கன்னு வண்டி நின்னுக்கும்."

சீட்டு போல்ட் என்று தான் சொன்னது இன்னும் அர்த்தனாரியின் நாக்கிலேயே நின்றது. முனிராஜ் பக்கம் திரும்ப அவரால் முடியவில்லை.

"ஸ்கேனர் கேபினைப் பத்தி ஒரு வார்த்தை காட்டலைங்களே டீச்சர்."

"அதுக்குக் கேபின் தெரியாதுங்கண்ணா. கனெக்‌ஷன் விட்டுப்போறது மட்டுந்தான் தெரியும். தெரிஞ்சதைச் சொல்லுச்சு."

"நான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "அதால முடியாமத்தான் பாதியில நின்னு போகுதுன்னு நெனச்சேனுங்க."

ரோஸ்லின் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"முடியலைன்னு அது ஒரு தடவைகூடச் சொல்லலைங்கண்ணா. மாட்டேன்னுதான் சொல்லுச்சு."