மைக்கு சொல்லாத தெரு

ஒரு ஊர்ல ஒரு மைக்குக்காரர் இருந்தார். பேரு சன்னாசி. அந்த ஊர்ல புதுசா ஒரு தண்ணி டேங்க் கட்டி, அதோட தலையில கூம்பு ஸ்பீக்கர் ஒண்ணைக் கட்டியிருந்தாங்க. டேங்குக்குக் கீழ சின்ன ரூம். அதுல உக்காந்து சன்னாசி ஊர்ச் சேதி எல்லாம் சொல்லுவார். தண்ணி வருதா, கரண்டு போகுதா, யார் ஆட்டைக் காணோம், எல்லாம் அவர் வாயால வந்தாத்தான் சேதி. கேக்குறியா?

ம்.

"ஹலோ... ஹலோ... டொக் டொக்"னு மைக்கைத் தட்டிட்டு, "மேலத்தெரு, நடுத்தெரு, கோயில் தெரு, கிணத்தடித் தெரு, குழாய்ல தண்ணி வருது"ம்பார். உடனே ஊரெல்லாம் டங்கு டங்குனு குடம் ஓடும்.

அப்போ என்ன ஆச்சு, கிணத்தடித் தெருவுல தவமணின்னு ஒரு பொம்பளை. சன்னாசிக்குத் தங்கச்சி முறை. அவ பொண்ணுக்குக் கல்யாணம் வச்சா. கல்யாணம்னா பத்திரிகையைத் தட்டுல வச்சு, வெத்தலை பாக்கு வச்சு, புருஷனும் பொண்டாட்டியும் வீட்டுக்கு வந்து கொடுக்கணும்ல? தவமணி என்ன பண்ணா, சன்னாசி டீ குடிச்சிக்கிட்டு இருந்தப்போ, "அண்ணே, வந்துருங்க"ன்னு பையிலேர்ந்து ஒண்ணை உருவிக் கையில கொடுத்துட்டு விறுவிறுன்னு போயிட்டா. டீக்கடையில! நாலு பேர் பார்க்க! கோவம் வருமா வராதா, நீயே சொல்லு.

ம்.

வரும். எனக்கா இருந்தா இன்னும் வரும். சன்னாசி கல்யாணத்துக்குப் போகல. அதோட விட்டிருக்கலாம். விடல.

அப்புறம் ஒரு நாள் தண்ணி வந்துச்சு. "மேலத்தெரு, நடுத்தெரு, கோயில் தெரு"ன்னு சொன்னார். கிணத்தடித் தெருவைச் சொல்லாம, டொக்குனு மைக்கை அணைச்சிட்டார். நமக்கு இன்னிக்கு முறை இல்ல போலன்னு அந்தத் தெரு ஜனம் எல்லாம் வேலைக்குப் போயிருச்சு. தண்ணி சளசளன்னு சாக்கடையில ஓடிச்சு.

சாயங்காலம் தவமணி ஒரு சொம்போட வந்தா.

"அண்ணே, கடைசித் தெரு வர்றதுக்குள்ள தொண்டை கட்டிக்கிச்சா? பாவம், எவ்வளவுதான் கத்துவீங்க. இந்தாங்க சுக்குத் தண்ணி."

சன்னாசி கொஹ் கொஹ்னு ரெண்டு இருமல் இருமினார். பொய் இருமல். அப்புறம் சுக்குத் தண்ணியைக் குடிச்சார். அது உள்ள எரிஞ்சுக்கிட்டே போச்சு.

அப்புறமாவது திருந்தினாரா? இல்ல. இன்னொரு நாள் கரண்டு போற சேதி. அதுலயும் கிணத்தடித் தெருவை விட்டுட்டார். தவமணி இட்லிக்கடைக்காரி. கிரைண்டர்ல அரிசியைப் போட்டா. கர்ர்ர்ருன்னு சுத்தினது டப்புன்னு நின்னுச்சு. பாதி அரைஞ்ச மாவு, மறுநாள் கடையே இல்ல. அன்னிக்கும் வந்தா, மிளகுப்பாலோட.

"என்னண்ணே, இன்னும் சரியாகலையா? டாக்டர்கிட்ட காட்டுங்க."

"ம்... காட்டணும்"னார் சன்னாசி. அவ முகத்தைப் பார்க்கல.

தூங்கிட்டியா?

இல்ல. அப்புறம்?

அப்புறம்தான் பெரிய சேதி வந்துச்சு. வீட்டுக்கு வீடு குழாய் போடப் போறாங்க. வீட்டுக்கு ஒருத்தர் டேங்கடிக்கு வந்து பேர் கொடுக்கணும். போட்டு முடிச்சதும் தெருக்குழாயை எல்லாம் மூடிடுவாங்க. பேர் கொடுக்காத தெருவுக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது. இதையாவது சொல்லணுமா இல்லையா?

சொல்லணும்.

சன்னாசி மைக்கைப் பிடிச்சார். மூணு தெருவைச் சொன்னார். நாலாவது பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அந்த டீக்கடை ஞாபகமும் கூடவே வந்துச்சு. டொக்.

அந்தத் தெருவுல ஒருத்தரும் வரல. "அவங்களுக்கு வேணாம் போல"ன்னு குழாய் ஆபீசர் மூணு தெருவுக்கு மட்டும் குழாய் போட்டு, ஒரே ஒரு வீடு பாக்கிங்கிற வரைக்கும் வந்துட்டார். அப்போதான் விஷயம் தெரிஞ்சு கிணத்தடித் தெருவே திரண்டு டேங்கடிக்கு வந்துருச்சு.

"உங்களுக்கு யாரும் சேதி சொல்லலையா?"னு ஆபீசர் ஒரு அதட்டு அதட்டினார். "மைக்கு ஆள் யாருய்யா?"

சன்னாசி ரூமுக்குள்ள கதவோரமா ஒளிஞ்சு நின்னார். அப்போ தவமணி முன்னால வந்தா.

"சார், அவரைத் திட்டாதீங்க. எங்க அண்ணன். தொண்டை சரியில்லாத மனுஷன். எங்க தெரு கடைசித் தெரு, அதுவரைக்கும் அவருக்குக் குரல் வரல. அவரை வேலையை விட்டு மட்டும் எடுத்துடாதீங்க சார்."

"ஆமா சார், ஆமா சார்"னு தெருவே சொல்லுது.

அப்போ சன்னாசிக்கு எப்படி இருந்திருக்கும்! திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பார். அடிச்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பார். இதை எப்படி வாங்குறது? வெளிய வந்து பேசக் கால் வரல. கை மட்டும் மைக்குக்குப் போச்சு.

"ஹலோ..."ன்னார். ஊரே காது கொடுத்துச்சு. "கிணத்தடித் தெரு ஜனங்களே. என் தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. உங்க தெருப் பேரை வேணும்னுதான் விட்டேன். தவமணி எனக்கு டீக்கடையில வச்சுப் பத்திரிகை கொடுத்தா. அந்தக் கோவம்."

கூம்பு ஸ்பீக்கர் அதை எல்லாத் தெருவுக்கும் கொண்டுபோச்சு. கூட்டத்துல ஒருத்தர் மட்டும் ஹ்ம்னு மூக்கால சிரிச்சார்.

தவமணி ரூம் வாசல்ல வந்து நின்னா. கண்ணெல்லாம் கலங்கியிருக்கு.

"ஏண்ணே, கூடப்பிறந்தவனா நினைக்கிற அண்ணனுக்கு யாராவது தட்டு வைப்பாங்களா? தட்டு வைக்கிறது ஊர்க்காரங்களுக்கு. நீங்க எனக்கு ஊர்க்காரரா?"

சன்னாசி மைக்கை அணைச்சிட்டு வெளிய வந்தார்.

ஆபீசர் சொன்னார், "இப்போ கையில இருக்கிறது ஒரே ஒரு வீட்டுக்கான குழாய். கோயில் தெருக் கடைசி வீடு. மத்தது வர மாசக்கணக்காகும்."

அந்தக் கடைசி வீடு யார் வீடு தெரியுமா? சன்னாசி வீடு. "அது எனக்கு வேணாம். கிணத்தடித் தெரு முக்குல வைங்க, எல்லாரும் பிடிச்சுக்கட்டும்"னார். வச்சாங்க.

அப்புறம் அவர் வீட்டுக்குத் தண்ணி? அவரும் குடத்தைத் தூக்கிக்கிட்டு அந்தக் குழாய்க்குத்தான் வரணும். வந்தார். தலையைக் குனிஞ்சுக்கிட்டு வரிசையில கடைசியா நின்னார். தவமணி திரும்பிப் பார்த்தா. நேரா வந்து அவர் குடத்தைப் பிடுங்கி, தன் குடத்தை நகர்த்திட்டு, குழாயடியில வச்சா.

"குடத்தை வச்சாச்சு. இதுக்கும் வெத்தலை பாக்கு வேணுமா?"

பொம்பளைங்க எல்லாம் கொல்லுன்னு சிரிச்சாங்க. சன்னாசியும் சிரிக்கப் பார்த்தார், வரல. குடம் குபுகுபுன்னு நிறைஞ்சு, கால்ல வழிஞ்சு ஓடிச்சு. நிறைஞ்சுருச்சுன்னு சொல்ல அவருக்கு அன்னிக்கு நிஜமாவே குரல் வரல.

ம்...

அவ்வளவுதான். குடம் நிறைஞ்சுது, கதையும் நிறைஞ்சுது. கண்ணை மூடு.